மூக்குக் கண்ணாடி போட்ட சிங்கம்

அறுபது வயது முடிந்தால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? ஆபீஸில் ஒரு பார்ட்டி, ஒரு ரோஜா மாலை, ஒரு சுவர்க் கடிகாரம். அப்புறம் பேரனை ஸ்கூலில் கொண்டுபோய் விடுவது, காலையில் வாக்கிங், சாயங்காலம் கோயில், ராத்திரி பிரஷர் மாத்திரை. யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். உழைத்த உடம்பு, கொஞ்சம் ஓய்வெடுக்கட்டுமே!

1923-ல் அறுபதைத் தாண்டிய ஒரு வாத்தியார் வேறு மாதிரி முடிவெடுத்தார். குதிரையில் ஏறினார். துப்பாக்கியைத் தோளில் மாட்டினார். இத்தாலி என்கிற ஐரோப்பிய வல்லரசோடு மோதக் கிளம்பினார். ஒருநாள் இருநாள் இல்லை, எட்டு வருஷம். கழுத்தில் தூக்குக் கயிறு விழும்வரை அந்த மனிதர் சமாதானமாகப் போகவே இல்லை.

பெயர், உமர் முக்தார். தேசம், லிபியா.

இவரைப் பற்றி 1981-ல் ஒரு படம் வந்தது. 'லயன் ஆஃப் தி டெஸர்ட்'. பாலைவனச் சிங்கம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். உமர் முக்தாராக ஆண்டனி க்வின். எதிரே இத்தாலியத் தளபதி கிராஸியானியாக ஆலிவர் ரீட். முஸோலினியாக ராட் ஸ்டெய்கர். மூன்று பேருமே திரையைக் கடித்துத் தின்கிற ஆசாமிகள்.

சுதந்திரப் போர் சினிமா என்றால் நமக்கு ஒரு சித்திரம் மனத்தில் இருக்கிறது. ஹீரோவுக்கு முப்பது வயது. பறக்கும் முடி. படை முன்னால் குதிரையில் இப்படியும் அப்படியும் ஓடி ஒரு வசனம் பேசுவார். எல்லோரும் கத்துவார்கள். 'பிரேவ்ஹார்ட்'டில் மெல் கிப்சன் செய்தது அதுதான். நம் படங்களிலும் வேறொன்றுமில்லை.

இந்தப் படத்தின் ஹீரோ, சிறுவர்களைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார். தராசைப் பற்றிய பாடம். வானத்தை உயர்த்திய இறைவன் ஏன் தராசையும் வைத்தான் என்று பையன்களிடம் கேட்கிறார். எழுத்து தெரியவேண்டுமென்றால் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளவேண்டும். அப்படியொரு ஹீரோ!

இது டைரக்டரின் கற்பனை இல்லை என்பதுதான் விசேஷம். நிஜ உமர் முக்தாரும் அப்படித்தான் இருந்தார்.

கொஞ்சம் பின்னால் போகலாம்.

1911-ல் லிபியா என்று ஒரு நாடு கிடையாது. துருக்கிய ஒட்டாமான் சாம்ராஜ்யத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு, மூன்று பிராந்தியங்கள், அவ்வளவுதான். மேற்கே திரிபோலி. கிழக்கே பெங்காஸியைச் சுற்றி சைரனைக்கா. பிரிட்டனும் பிரான்ஸும் ஆப்பிரிக்காவைப் பங்குபோட்டுத் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த காலம். பந்திக்குத் தாமதமாக வந்து சேர்ந்த தேசம் இத்தாலி. இலையில் மிச்சமிருந்தது இதுதான். 1911 செப்டம்பர் 29 அன்று துருக்கிமீது போர் என்று அறிவித்துவிட்டது.

அந்தப் போரில் ஒரு சரித்திர சம்பவம் நடந்தது. நவம்பர் 1-ம் தேதி கவோத்தி என்கிற இத்தாலிய விமானி, பறந்துகொண்டிருந்த விமானத்திலிருந்து நாலு சின்ன குண்டுகளைக் கையால் எடுத்துக் கீழே போட்டார். உலகில் விமானத்திலிருந்து நடந்த முதல் குண்டுவீச்சு அதுதான். ஹிரோஷிமா வரைக்கும் போன ஒரு பாதை லிபிய மணலில்தான் தொடங்கியது.

இன்னொரு வேடிக்கை. 'இந்தப் போர் அநியாயம்' என்று இத்தாலிக்குள்ளேயே ஒரு சோஷலிஸ்ட் இளைஞர் ஊரைக் கூட்டிக் கலாட்டா செய்தார். பிடித்து உள்ளே போட்டார்கள். மாசக்கணக்கில் ஜெயில். யார் தெரியுமா? சாட்சாத் முஸோலினி! பத்து வருஷம் கழித்து அதே லிபியாவை நசுக்க ஆள் அனுப்பப்போகிறவர். அரசியலில் இதெல்லாம் சகஜம்.

துருக்கி ஒரே வருஷத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டியது. ஆனால் சைரனைக்காவின் பழங்குடிகள் கையெழுத்துப் போடவில்லையே? அவர்களுக்கு ஸனூஸி என்றொரு ஆன்மிக இயக்கம் இருந்தது. ஊருக்கு ஊர் அவர்களுடைய மடங்கள். பள்ளிக்கூடம் அதுதான், சத்திரம் அதுதான், பஞ்சாயத்து மேடையும் அதுதான். உமர் முக்தார் சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, இந்த இயக்கத்தின் நிழலில் படித்து வளர்ந்தவர். ஜக்பூப் என்கிற பாலைவன ஊரில் எட்டு வருஷப் படிப்பு. அப்புறம் ஒரு மடத்துக்குத் தலைவராக அனுப்பினார்கள். அடங்காத ஒரு பழங்குடி வாழ்கிற பகுதி. அங்கே குர்ஆன் சொல்லிக் கொடுப்பதும், தண்ணீர்ச் சண்டை, ஒட்டகச் சண்டைகளைத் தீர்த்து வைப்பதும்தான் வேலை.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அவருக்குத் தலைமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. ஒருவருக்கொருவர் முகம் பார்த்துப் பேசாத குடிகள் அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டார்கள். இருபது வருஷம் நியாயமாகத் தீர்ப்பு சொன்ன மனிதர் கூப்பிட்டால் மறுக்க முடியுமா?

1922 அக்டோபரில் முஸோலினி பதவிக்கு வந்தார். அந்த வருஷக் கடைசியிலேயே ஸனூஸி தலைவர் இத்ரீஸ் எகிப்துக்குப் போய்விட்டார். போர்க்களம் வாத்தியார் தலையில் விழுந்தது. உமர் முக்தார் 1923-ல் எகிப்துக்குப் போய் இத்ரீஸைப் பார்த்துப் பேசினார். அப்படியே அங்கே தங்கியிருக்கலாம். எல்லை தாண்டியாச்சு, உயிருக்கு ஆபத்தில்லை, வயதும் ஆகிவிட்டது. அவர் திரும்பி வந்தார்.

எப்படிச் சண்டை போட்டார்? சைரனைக்காவில் பச்சை மலை என்று ஒரு பகுதி உண்டு. ஜபல் அக்தர். குகைகளும் பள்ளத்தாக்குகளும் புதர்க்காடுகளும் நிறைந்த இடம். சில நூறு பேர் கொண்ட சின்னச் சின்னக் குழுக்கள். குழுவுக்கு 'தோர்' என்று பெயர். அரபியில் முறை என்று அர்த்தம். பழங்குடிகள் முறை வைத்து ஆள் அனுப்புவார்கள். செத்தவனுக்குப் பதில் அடுத்தவன். இத்தாலிய ராணுவ வண்டிகள் வரும். ஒரு வளைவில் திடீரென்று சுடுவார்கள். தண்ணீர் குடிக்கிற நேரத்துக்குள் காணாமல் போய்விடுவார்கள்.

துப்பாக்கிக்குக் காசு? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். இத்தாலிக்குப் பணிந்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்ட கிராமங்கள் பகலில் இத்தாலிக் கொடிக்கு சல்யூட் அடிக்கும். ராத்திரியில் உமர் முக்தாருக்கு தானியமும் வரியும் ஆளும் அனுப்பும். மார்க்கம் விதித்த ஜகாத் வரியை முறையாக வசூல் செய்தது அவருடைய நிர்வாகம். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கிழவருக்கு ஜனங்கள் வரி கட்டுகிறார்கள் என்றால், அரசாங்கம் யார்? பகலில் ஓர் அரசாங்கம், ராத்திரியில் ஓர் அரசாங்கம். அங்கே ஆண்டது ராத்திரி அரசாங்கம்தான்.

இத்தாலிக்கு இது புரிய ஏழு வருஷம் ஆயிற்று. 1929-ல் புது கவர்னர் பதோலியோ வந்தார். பேச்சுவார்த்தை என்றார். ஜூன் மாதம் உமர் முக்தார் நேரில் போய்ப் பேசினார். சண்டை நிறுத்தம். மறுபக்கம், 'கிழவர் சரணடைந்துவிட்டார்' என்று இத்தாலியில் செய்தி பரப்பினார்கள். நான் எங்கே சரணடைந்தேன் என்று கேட்டார் பெரியவர். அந்த வருஷம் முடிவதற்குள் மறுபடியும் துப்பாக்கி வெடித்தது.

1930 மார்ச்சில் கிராஸியானி வந்து இறங்கினார்.

கிராஸியானி முட்டாள் இல்லை. முந்தையவர்கள் கவனிக்காததைக் கவனித்தார். மீனைப் பிடிக்கமுடியவில்லையா? குளத்தையே இறைத்துவிடு. மலையில் வாழ்கிற மொத்த ஜனங்களையும், ஆடு, ஒட்டகம், கூடாரத்தோடு, ராணுவக் காவலில் நடக்கவைத்துக் கொண்டுபோய்க் கடலோரப் பாலையில் முள்வேலிக்குள் அடைத்தார்கள். சுமார் ஒரு லட்சம் பேர். சைரனைக்காவின் ஜனத்தொகையில் கிட்டத்தட்ட பாதி! அல் அகைலா, ஸுலூக், மக்ரூன் என்று வரிசையாக முகாம்கள். பசி, காய்ச்சல், வெயில், கட்டாய வேலை. குறைந்தபட்சக் கணக்கே 40,000 பேர் செத்தார்கள் என்கிறது. அதற்கு மேலே சொல்கிற சரித்திர ஆசிரியர்களும் உண்டு. ஆடு மாடுகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. இதற்கு உத்தரவு போட்ட பதோலியோ, இந்த மொத்த ஜனமும் அழிந்தாலும் பரவாயில்லை, கடைசிவரை போகத்தான் வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதிவைத்தார்.

போதாக்குறைக்கு எகிப்து எல்லையில் மத்தியதரைக் கடலிலிருந்து ஜக்பூப் வரைக்கும் சுமார் 270 கிலோமீட்டருக்கு முள்கம்பி வேலி. துப்பாக்கியோ ரொட்டியோ உள்ளே வரக்கூடாது. வழக்கு விசாரிக்க, விமானத்தில் பறந்துவரும் நீதிமன்றம். நீதிபதிகள் இறங்குவார்கள், விசாரிப்பார்கள், சுடச் சொல்வார்கள், அடுத்த ஊருக்குப் பறப்பார்கள்.

இப்போது ஒரு கேள்வியை நேராகக் கேட்டுவிட வேண்டும். படம் பார்க்கிறபோது நம்மில் பல பேர் கேட்காமல் விட்டுவிடுகிற கேள்வி. ஜனங்கள் முள்வேலிக்குள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். இந்த நிலையில் ஒரு தலைவன் சண்டையைத் தொடர்வது சரிதானா? ஒரு மனிதரின் பிடிவாதத்துக்கு ஒரு லட்சம் பேர் விலை கொடுக்கவேண்டுமா?

லேசான கேள்வி இல்லை. முகாமைக் கட்டியவர் கிராஸியானி, கொன்ற பாவம் அவருடையது என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் தலைவன் என்பவன் அந்தக் கணக்கையும் பார்த்தாகவேண்டும். உமர் முக்தார் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. உள்ளே கிடந்தவர்கள் அவருடைய மாணவர்கள், மாணவர்களின் பிள்ளைகள்.

இரண்டு விஷயங்களை எடை போட்டுப் பாருங்கள். ஒன்று, 1929-ல் அவர் பேச்சுவார்த்தைக்குப் போனவர். சண்டைக்காகச் சண்டை போட்டவர் இல்லை. கிடைக்க இருந்தது சமாதானம் இல்லை, சரணாகதி என்று தெரிந்த பிறகுதான் திரும்பினார். இரண்டு, அவர் யாரைச் சாகச் சொன்னாரோ அவர்களோடு தானும் இருந்தார். மற்றவர்களை எரியவிட்டு, தான் மட்டும் கெய்ரோவில் உட்கார்ந்து அறிக்கை விடவில்லை. இந்த இரண்டும் இருந்தால் மட்டும் கேள்வி தீர்ந்துவிடுமா என்றால், எனக்கு நிச்சயமில்லை. ஆனால் இந்த இரண்டும் இல்லாத ஒருவனைத் தலைவன் என்று சொல்லமுடியாது என்பது மட்டும் நிச்சயம்.

1930-ல் ஒரு மோதலில் உமர் முக்தாரின் மூக்குக் கண்ணாடி இத்தாலியர் கையில் சிக்கியது. கண்ணாடி வந்துவிட்டது, ஒருநாள் தலையும் வரும் என்றார் கிராஸியானி.

வந்தது. 1931 செப்டம்பர் 11. ஸ்லோண்டா அருகே ஒரு மோதல். குதிரை விழுந்தது. பெரியவர் கீழே கிடந்தார். அவரைப் பிடித்தது யார்? இத்தாலியச் சம்பளம் வாங்கிய லிபியக் குதிரைப்படை. ஆமாம், லிபியர்கள்தான்! அதிர்ச்சியடையாதீர்கள். பிரிட்டிஷ்காரன் சம்பளத்தில் நம் சிப்பாய்கள் யாரையெல்லாம் சுட்டார்கள் என்று நமக்குத் தெரியாதா? எந்தக் காலனியும் சொந்த ஜனங்களின் கையைக் கடன் வாங்காமல் நடந்ததில்லை.

பெங்காஸிக்குக் கொண்டுவந்தார்கள். கிராஸியானி நேரில் பார்த்துப் பேசினார். ஏன் எங்களோடு சண்டை போட்டாய்? மார்க்கத்துக்காக என்று பதில் வந்தது. கைவிலங்கோடு நின்ற அந்தக் கிழவரின் நிமிர்வைப் பற்றிக் கிராஸியானியே பின்னால் தன் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். எதிரி கொடுத்த சர்டிஃபிகேட்.

செப்டம்பர் 15 விசாரணை. ஒரு மணி நேரம் சொச்சம். தீர்ப்பு ஏற்கெனவே தயார். அவருக்காக வாதாட நியமித்த லோன்தானோ என்கிற இத்தாலிய கேப்டன், கடமைக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் உண்மையாகவே வாதாடினார். அதற்காக அவருக்கு தண்டனை கொடுத்தார்கள்! மறுநாள், செப்டம்பர் 16, ஸுலூக் முகாமில், சுமார் 20,000 கைதிகளை வரிசையாக நிறுத்திப் பார்க்கவைத்து, எழுபது வயதைத் தாண்டியவர் என்று கருதப்படுகிற அந்த மனிதரைத் தூக்கில் போட்டார்கள்.

படத்தில் அந்தக் காட்சியில் கண்ணாடி கீழே விழும். ஒரு சின்னப் பையன் எடுத்துக்கொள்வான். அது சினிமா. ஆனால் சரித்திரம் அதைவிட அழுத்தமாகவே அந்தக் கண்ணாடியை எடுத்துக்கொண்டது.

1932 ஜனவரியில் கலகம் முடிந்தது என்று பதோலியோ அறிவித்தார். லாப நஷ்டக் கணக்கில் பார்த்தால் உமர் முக்தாருக்கு முழு நஷ்டம். நாடு போச்சு, ஜனம் போச்சு, உயிரும் போச்சு. வரவுப் பக்கம் பூஜ்யம்.

சில கணக்குகளை மார்ச் 31-ம் தேதியோடு முடிக்கக்கூடாது. 1940 டிசம்பரில் எகிப்துக்குள் நுழைந்திருந்த இத்தாலியப் படையை பிரிட்டிஷ் படை அடித்து நொறுக்கியது. அடித்ததில் நம் நாலாவது இந்திய டிவிஷனும் உண்டு. அடிவாங்கிய படையின் தளபதி யார்? அதே கிராஸியானி! எகிப்துக்கு ஓடிப்போயிருந்த லிபியர்கள் ஸனூஸிப் படை என்ற பெயரில் பிரிட்டனோடு சேர்ந்துகொண்டார்கள். 1942 ஜனவரியில் பிரிட்டிஷ் மந்திரி ஈடன் பார்லிமெண்டில் வாக்குக் கொடுத்தார். சைரனைக்காவின் ஸனூஸிகள் இனி ஒருபோதும் இத்தாலியின் கீழ் போகமாட்டார்கள். எதிர்க்காமல் அடங்கிப்போன ஜனத்துக்கு யாராவது இப்படி வாக்குக் கொடுப்பார்களா? 1949-ல் ஐ.நா. தீர்மானம். 1951 டிசம்பர் 24 சுதந்திரம். உமர் முக்தார் தூக்கில் தொங்கி இருபது வருஷம் கழித்து, அவர் கணக்கில் வரவு விழுந்தது.

கிராஸியானி என்ன ஆனார்? 1950-ல் 19 வருஷ ஜெயில் என்று தீர்ப்பு. ஜெர்மானியர்களோடு கூட்டு வைத்ததற்காக. லிபியாவில் செத்தவர்களுக்காக இல்லை. சில மாதங்களிலேயே வெளியே வந்துவிட்டார். 2012-ல் ரோமுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் அவருக்கு நினைவு மண்டபமே திறந்தார்கள்.

சரி, படத்துக்கு வருவோம். எடுத்தவர் முஸ்தஃபா அக்காத். சிரியாவின் அலெப்போவில் பிறந்து ஹாலிவுட்டுக்குப் போனவர். 'ஹாலோவீன்' என்கிற பேய்ப்பட வரிசைக்குத் தயாரிப்பாளர். அந்தக் கையால் இந்தப் படம்! செலவு மூன்றரைக் கோடி டாலர். அந்தக் காலத்தில் மலைக்கவைக்கும் தொகை. கொடுத்தவர் யார் தெரியுமா? கர்னல் கடாஃபி.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. சுதந்திர வீரனைப் பற்றிய படத்துக்குப் பணம் போட்டவர் ஒரு சர்வாதிகாரி. 1969-ல் மன்னர் இத்ரீஸைக் கவிழ்த்துவிட்டு வந்தவர். அதனால் இத்ரீஸுக்கும் ஸனூஸி இயக்கத்துக்கும் உரிய இடம் படத்தில் இல்லை. உமர் முக்தாரின் வாரிசு நான்தான் என்று காட்டிக்கொள்வது கடாஃபிக்கு வசதியாக இருந்தது. வசூலைப் பொறுத்தவரை படம் படுத்துவிட்டது. போட்டதில் பத்தில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை. இத்தாலியிலோ, ராணுவத்தின் கௌரவத்துக்கு இழுக்கு என்று 1982-ல் தடையே போட்டுவிட்டார்கள். 2009 ஜூனில் கடாஃபி ரோமுக்கு வந்தபோதுதான் அங்கே டெலிவிஷனில் காட்டினார்கள். விமானத்தைவிட்டு இறங்கிய கடாஃபியின் மார்பில் ஒரு போட்டோ குத்தியிருந்தது. விலங்கோடு நிற்கிற உமர் முக்தார்.

இரண்டே வருஷம். 2011 பிப்ரவரி. பெங்காஸியில் ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள். கையில் என்ன படம்? அதே உமர் முக்தார்! இந்த முறை கடாஃபிக்கு எதிராக. காசு கொடுத்துப் படம் எடுத்தவர், முப்பது வருஷமாக எந்தப் பாடத்தை ஊருக்குச் சொல்லிக் கொடுத்தாரோ, அந்தப் பாடத்தை ஜனங்கள் அவரிடமே ஒப்பித்துக் காட்டினார்கள். அந்த அக்டோபரில் கடாஃபி கொல்லப்பட்டார்.

அதைப் பார்க்க அக்காத் இல்லை. 2005 நவம்பரில் ஜோர்டான் தலைநகர் அம்மானில் ஹோட்டல்களில் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் அவரும் அவருடைய மகளும் இறந்துபோனார்கள். மதத்தின் பெயரால் வைத்த குண்டு. படத்தின் ஒரு காட்சியில், உயிரோடு சிக்கிய இளம் இத்தாலிய அதிகாரியைக் கொல்லச் சொல்கிறான் ஒரு போராளி. அவர்கள் நம் கைதிகளைக் கொல்கிறார்களே என்கிறான். அவர்கள் நமக்கு ஆசிரியர்கள் இல்லையே என்கிற அர்த்தத்தில் பதில் சொல்லிவிட்டு, கொடியையும் கையில் கொடுத்து அந்த அதிகாரியைத் திருப்பி அனுப்புகிறார் உமர் முக்தார். இந்தக் காட்சியை எடுத்த மனிதருக்கு அப்படியொரு சாவு.

கடாஃபிக்குப் பிறகு லிபியா சொர்க்கமாகிவிடவில்லை. 2014-க்குப் பிறகு கிழக்கே ஓர் அரசாங்கம், மேற்கே ஓர் அரசாங்கம் என்று நாடு இரண்டுபட்டது. இரண்டு தரப்பும் உமர் முக்தாரைத் தங்கள் ஆள் என்றுதான் சொல்லும். வீரனின் போட்டோவை எடுத்துக்கொள்வது சுலபம். நியாயமாகப் பஞ்சாயத்து செய்து, ஜனங்களோடு கூடவே இருந்து, பிடித்த எதிரியைக் கொல்லாமல் அனுப்புவது கஷ்டம்.

படம் கிடைத்தால் பாருங்கள். போர்க் காட்சிகள் பிரமாதம். ஆனால் அந்தத் தராசுப் பாடத்தை முதலில் பாருங்கள்.

கடைசியாக ஒரு தகவல். லிபியாவின் ஒரு தினார் நோட்டில் கடாஃபி படம் இருந்தது. பத்து தினார் நோட்டில் உமர் முக்தார். புரட்சிக்குப் பிறகு புது நோட்டு அடித்தார்கள். ஒரு தினாரிலிருந்து கடாஃபி காணாமல் போனார். பத்து தினாரில் கிழவர் அப்படியே இருந்தார்.